அலாஸ்கா தென்கரையின் கடல் வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி: குக் இன்லெட் முதல் ஷெலிகோஃப் வரை முழுமையான வழிகாட்டி

குக் இன்லெட் என்ற நீண்ட கடற்கழி, பாரன் தீவுகள், கோடியாக் தீவு, ஷெலிகோஃப் நீரிணை. இந்தக் கடலுக்கு வானிலை அறிக்கை எழுதுவது அமெரிக்கத் தேசிய வானிலை சேவையின் ஆங்கரேஜ் அலுவலகம். தென்கிழக்குக் கரையை ஜூனோ அலுவலகமும் வடகரையை ஃபேர்பேங்க்ஸ் அலுவலகமும் பார்த்துக்கொள்கின்றன. கடலை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் வரை, ஒவ்வொரு பொழுதுக்கும் ஓரிரு வரி தருகிறார்கள்.

அந்த ஓரிரு வரி மண்டலம் முழுமைக்கும் சேர்த்து எழுதியது. காற்று 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்) என்று போட்ட மண்டலத்தில் ஒரு மூலையில் 20 நாட்டும் இன்னொரு மூலையில் 50 நாட்டும் ஒரே நேரத்தில் வீசும். அறிக்கையில் பிழை என்று இதைச் சொல்ல முடியாது. எழுதியவர்கள் சொன்னதே அவ்வளவுதான். அந்த வரியிலிருந்து உங்கள் படகு நிற்கும் இடத்துக்கு வந்து சேரும் வேலை படிப்பவருடையது. அதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இங்கே.

முதல் படி: சரியான அறிக்கை, சரியான நேரம்

அறிக்கை ஒரு நாளைக்கு இரண்டு முறை, உள்ளூர் நேரம் அதிகாலை 4 மணி, மாலை 4 மணி வாக்கில் வெளியாகும். நடுவில் நிலைமை மாறினால் திருத்தமும் வரும். எனவே கையில் இருக்கும் தாளின் தலைப்பில் உள்ள வெளியீட்டு நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். மண்டலக் குறியீடுகள் பி.கே.இசட். என்று தொடங்கும். எண்களும் எல்லைகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், பழைய வரைபடத்தில் குறித்துவைத்த எண்ணை நம்பாமல் மண்டலத்தின் பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வரைபடங்களிலும், கடலில் மிதந்து அளவெடுக்கும் மிதவைகளின் தரவுகளிலும் நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருக்கும். அலாஸ்கா நேரம் குளிர்காலத்தில் அதைவிட 9 மணி நேரமும், கோடையில் 8 மணி நேரமும் பின்தங்கியது. 00 யு.டி.சி. வரைபடம் என்றால் குளிர்காலத்தில் முந்தைய நாள் பிற்பகல் 3 மணி நிலைமை. நாளையே மாற்றிப் படித்துவிடும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கரையிலிருக்கும்போது இணையம் போதும். கடலில் நோவா (அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம்) வானிலை வானொலி 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் ஒன்றில் கிடைக்கும். கடலோரக் காவல்படை, படகுகளின் குறுந்தூர வானொலியான வி.எச்.எஃப்.-இன் 16ஆம் தடத்தில் அழைத்துவிட்டு 22ஏ தடத்தில் வாசிக்கும். ஆனால் மலைகளுக்குப் பின்னால் வி.எச்.எஃப். எட்டாத குடாக்கள் இந்தக் கரையில் ஏராளம். அங்கே போகும் படகுகளுக்கு 518 கிலோஹெர்ட்ஸில் எழுத்துச் செய்தியாக வரும் நாவ்டெக்ஸும், கோடியாக்கிலிருந்து 4298, 8459 கிலோஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் வரும் வானிலை ஃபேக்ஸ் வரைபடமும் கைகொடுக்கும். செயற்கைக்கோள் இணையம் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழங்கதையாகத் தோன்றலாம். ஆன்டெனா பனியில் மூடிக்கொண்ட இரவில் எது வேலை செய்கிறதோ அதுதான் கருவி.

இரண்டாம் படி: எச்சரிக்கையின் அளவு

தொடர்ந்து வீசும் காற்றோ அடிக்கடி வரும் வீச்சோ 34 முதல் 47 நாட் என்றால் கேல் எச்சரிக்கை. 48 முதல் 63 என்றால் ஸ்டார்ம். 64-உம் அதற்கு மேலும் என்றால் சூறாவளி வேகக் காற்று எச்சரிக்கை. சிறுபடகு எச்சரிக்கை அலாஸ்காவில் 23 நாட்டிலோ 8 அடி அலையிலோ தொடங்குகிறது. ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். நம்மூர் மீனவர் எச்சரிக்கையில் 65 கிலோமீட்டர் என்று வருவது இங்கே 35 நாட், அதாவது கேலின் வாசல்.

எச்சரிக்கைத் தலைப்பு பொதுவாக அடுத்த ஓரிரு நாளைத்தான் சொல்லும். மூன்றாம் நாளுக்கு 25 நாட் என்று கீழே எழுதியிருந்து, மேலே தலைப்பில் அந்த நாள் இல்லாமல் போனால் கடல் நல்லாயிருக்கும் என்று பொருளல்ல.

மூன்றாம் படி: பெரிய படத்தைப் பார்த்துவிட்டு மண்டலத்துக்கு வருவது

மண்டல வரிக்குப் போகும் முன் மேற்பரப்பு அழுத்த வரைபடத்தைப் பாருங்கள். பசிபிக்குக்கான வரைபடத்தைப் பெருங்கடல் முன்கணிப்பு மையம் நாளுக்கு நான்கு முறை வெளியிடுகிறது. கவனிக்க வேண்டியது மூன்று: தாழ்வழுத்தம் எங்கே, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது, அலாஸ்காவின் உள்நாட்டில் குளிர்ந்த உயரழுத்தம் உட்கார்ந்திருக்கிறதா.

தாழ்வழுத்தம் தென்மேற்கிலிருந்து நெருங்கும்போது தென்கரையில் தென்கிழக்கு, கிழக்குக் காற்று. மழையோ ஈரப்பனியோ வரும், குளிர் அவ்வளவு இராது. அது அலாஸ்கா வளைகுடாவுக்குள் கிழக்கே நகர்ந்துவிட்ட பிறகு, பின்னால் வடமேற்கிலிருந்து வறண்ட கடுங்குளிர்க் காற்று திறந்துகொள்ளும். வானம் தெளிந்திருக்கும், வெயில்கூட அடிக்கும். புயல் போய்விட்டது என்று நினைத்துக் கிளம்பும் நேரம் அதுதான். உறைசாரலும் (படகில் பட்டதும் உறையும் கடல்நீர்ச் சாரல்) கணவாய்க் காற்றும் (மலை இடைவெளி வழியே பாயும் காற்று) வருவதும் அதே நேரத்தில்தான்.

நேரக் கணிப்பில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு: 30 நாட் வேகத்தில் நகரும் தாழ்வழுத்தம் ஆறு மணி நேரம் முந்தினால் 180 கடல் மைல் முந்திவிட்டது. ஷெலிகோஃப் நீரிணையின் நீளமே ஏறத்தாழ 150 மைல்தான். நான்காம், ஐந்தாம் நாள் வரிகளில் எண்ணைவிட எந்த மாதிரி வானிலை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மண்டல வரியைச் சொல் சொல்லாகப் படிப்பது

அறிக்கையின் நடையில் நாங்கள் அமைத்த ஒரு மாதிரி இது:

மேற்கு பாரன் தீவுகள், கமிஷாக் வளைகுடா உட்பட.
புதன் இரவு வரை கேல் எச்சரிக்கை. புதன் இரவு வரை கடும் உறைசாரல் எச்சரிக்கை.
இன்றிரவு: மேற்குக் காற்று 40 நாட். குடா வாய்களிலும் கணவாய்களிலும் வீச்சு 55 நாட். அலை 12 அடி. கடும் உறைசாரல்.
புதன்: மேற்குக் காற்று 35 நாட். அலை 10 அடி. கடும் உறைசாரல்.
வியாழன்: வடமேற்குக் காற்று 25 நாட். அலை 7 அடி. உறைசாரல்.
வெள்ளி, சனி: மாறுங்காற்று 15 நாட். அலை 4 அடி.

காற்றின் எண், அந்தப் பொழுதில் மேலோங்கி வீசும் வேகம். உச்ச வீச்சு அதில் அடங்காது. 'குடா வாய்களிலும் கணவாய்களிலும்' என்ற சொற்றொடரைக் கண்டால் அங்கே நிறுத்திப் படியுங்கள். மொத்த அறிக்கையிலும் இடம் குறித்துப் பேசும் வரி பெரும்பாலும் அது ஒன்றுதான். தலைப்பு கேல் என்கிறது. கமிஷாக் வாயில் நிற்கும் படகுக்கோ அது ஸ்டார்ம்.

திசை, காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். நீரோட்டத்துக்கு மட்டும் வழக்கம் தலைகீழ், அது எங்கே போகிறது என்று சொல்லப்படும். மேற்குக் காற்றும் மேற்கு நீரோட்டமும் நேருக்கு நேர் மோதுபவை. கீழே நுழைவாய்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

அலை உயரம் என்பது காற்றலையும் தொலைவிலிருந்து உருண்டு வரும் நீளலையும் சேர்ந்த மொத்தத்தில், உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. 12 அடி என்றால் உயரமான பத்திலொரு பங்கு அலைகளின் சராசரி 15 அடி. ஆயிரம் அலைக்கு ஒன்று 22 அடியைத் தொடும். எட்டு நொடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலை இரண்டேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஆகவே அந்த ஒற்றை அலை என்றோ ஒருநாள் வருவது கிடையாது. ஒரு பயணத்தில் பல முறை வரும்.

அறிக்கையில் பெரும்பாலும் கிடைக்காத ஒன்று அலைக் காலம், அதாவது ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம். அதை மிதவையில் பார்க்க வேண்டும். படகோட்டிகளின் பொது வழக்கு, அடிக்கணக்கில் உயரமும் நொடிக்கணக்கில் காலமும் சமமாக நெருங்கினால் கடல் செங்குத்தாகிவிட்டது என்பது. 7 அடி அலை 12 நொடியில் வந்தால் படகு ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதே 7 அடி 6 நொடியில் வந்தால் ஓர் அலையிலிருந்து அடுத்ததற்கு 56 மீட்டர் மட்டுமே. சிறிய படகின் அணியம் (முன்முனை) முந்தைய அலையிலிருந்து எழும் முன் அடுத்தது மேலே விழும்.

ஐந்தாம் படி: மண்டலத்துக்குள் மறைந்திருக்கும் இடங்கள்

கமிஷாக் கணவாய்தான் முதலாவது. இலியாம்னா ஏரிக்கும் கமிஷாக் வளைகுடாவுக்கும் நடுவே மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாசலாகிறது. பிரிஸ்டல் வளைகுடாப் பக்கம் குளிர்ந்த உயரழுத்தம், இந்தப் பக்கம் தாழ்வழுத்தம் என்றால், கனத்த குளிர்க்காற்று அந்த வாசல் வழியே வழிந்து, கீழ் குக் இன்லெட்டைக் குறுக்கே கடந்து பாரன் தீவுகள் வரை ஓடும். காற்று உச்சத்தை எட்டுவது வாசலின் மிகக் குறுகலான இடத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வழி நெடுக முடுக்கப்படுவதால், வெளிவாயிலும் அதைத் தாண்டிக் கடலிலும்தான் வேகம் உச்சம் தொடும். 'நடுக்கடலுக்குப் போய்விட்டால் விட்டுவிடும்' என்ற எண்ணம் இங்கே செல்லாது.

கையால் செய்யக்கூடிய சோதனை: கிங் சால்மன் விமான நிலையத்தின் கடல்மட்ட அழுத்தத்தையும் ஹோமரின் அழுத்தத்தையும் ஒரே மணிக்குரிய அறிக்கையில் எடுத்துக் கழியுங்கள். 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் மட்டுமே, உராய்வு இல்லையென்றால், குளிர்க்காற்றை 47 நாட் வரை முடுக்கப் போதும். உராய்வு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆனால் கிங் சால்மன் பக்கம் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறதா என்பது, வாசல் திறக்கிறதா மூடுகிறதா என்பதைக் காட்டிவிடும்.

ஷெலிகோஃப் நீரிணைக்குக் குணம் வேறு. ஒருபுறம் அலாஸ்கா தீபகற்ப மலைகள், மறுபுறம் கோடியாக். பெருவெளிக் காற்று எந்தத் திசையிலிருந்தாலும் இங்கே நீளவாக்கில், வடகிழக்கு அல்லது தென்மேற்காகத் திரும்பிவிடும். குளிர் நாள்களில் தீபகற்பப் பள்ளத்தாக்குகளின் வாய்களிலிருந்து குறுக்குக் காற்றும் பாயும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலைகள் இரு திசையிலிருந்து வந்து கூம்பு கூம்பாக எழும்.

பாரன் தீவுகளின் இருபுறமும் உள்ள கென்னடி, ஸ்டீவன்சன் நுழைவாய்கள் மூன்றாவது. குக் இன்லெட்டின் தலைப்பகுதியில் ஆங்கரேஜ் அருகே பெரிய ஏற்றவற்றம் 30 அடியைத் தாண்டும். அவ்வளவு தண்ணீரும் இந்த வாய்கள் வழியே உள்ளே வந்து வெளியே போக வேண்டும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிரானால் அலை குறுகி, நிமிர்ந்து, உடையும். எண்ணில் 6 அடி என்றிருப்பது ஓட்ட உச்சத்தில் கடக்க முடியாத கடலாகும். எனவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த வாய்களைத் தாண்டும் நேரத்தை நீர் நிற்கும் வேளையோடு பொருத்துங்கள். ஏற்றம் உயர்ந்து நிற்கும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஆகவே ஏற்றவற்ற அட்டவணை போதாது, நீரோட்ட அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் மேல் குக் இன்லெட்டில் மிதக்கும் பனிக்கட்டிகளும் இதே ஓட்டத்தோடு மேலும் கீழும் போய்வரும். அதற்குத் தனிக் கடற்பனி அறிக்கை உண்டு.

ஆறாம் படி: மிதவையோடு ஒப்பிடுவது

அறிக்கை சொல்வதும் கடல் செய்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, கிளம்பும் முன் குறைந்தது முந்தைய 12 மணி நேரத் தரவை எடுங்கள். ஷெலிகோஃப் நீரிணைக்கு 46077, கோடியாக்குக்குத் தெற்கே ஆல்பட்ராஸ் திட்டுக்கு 46078, கோடியாக்குக்குக் கிழக்கே போர்ட்லாக் திட்டுக்கு 46080, அலாஸ்கா வளைகுடாவின் மேற்குப் பகுதியில் 46001. நிலநிலையங்களில் பாரன் தீவுகளின் கிழக்கு அமடுலியும் ஆகஸ்டின் தீவும் முக்கியம். ஆகஸ்டின், கமிஷாக் கணவாய்க்கு எதிரிலேயே இருப்பதால் அங்கே காற்று ஏறுவதுதான் முதல் தகவல்.

மிதவையின் காற்று எட்டு நிமிடச் சராசரி. அளவி நீரிலிருந்து சுமார் 4 மீட்டர் உயரத்தில். அறிக்கையின் காற்று 10 மீட்டர் உயரத்துக்கு. ஆகவே மிதவை சற்றுக் குறைத்தே காட்டும், பெரிய அலையின் பள்ளத்தில் இன்னும் குறையும். அறிக்கை 30, மிதவை 26 என்றால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அறிக்கை 30, மிதவை 33 என்றால் நிலைமை கணிப்பைத் தாண்டிவிட்டது.

குளிர்காலத்தில் மிதவை பழுதானால் பெரும்பாலும் கோடை வரை சரியாகாது. அப்போது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வானிலை கேமராக்கள் உதவும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், பக்கத்திலேயே தெளிந்த நாளின் படம். இரண்டையும் ஒப்பிட்டால் தெரிவுநிலை தெரிந்துவிடும். நீரில் வெள்ளை நுரைக்கோடு நீண்டு கிடந்தால் காற்றும் தெரியும்.

ஏழாம் படி: உறைசாரல்

இந்தக் கரையில் படகைக் கவிழ்ப்பதில் அலைக்கு நிகரானது படகின் மேல் ஏறும் பனி. 2017 பிப்ரவரி 11 அன்று டெஸ்டினேஷன் என்ற நண்டுப் படகு பெரிங் கடலில் செயின்ட் ஜார்ஜ் தீவின் வடமேற்கே ஆறு பேருடன் மூழ்கியது. 2019 டிசம்பர் 31 இரவு சட்விக் தீவருகே ஸ்கேண்டீஸ் ரோஸ் கவிழ்ந்ததில் ஏழு பேரில் இருவர்தான் மீட்கப்பட்டனர். இரண்டிலும் கடும் உறைசாரல் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது.

கடல்நீர் சுமார் −1.7 பாகை செல்சியஸில் உறையும். காற்று அதைவிடக் குளிர்ந்து, சாரல் எழும் அளவுக்கு வீசினால், தெறிக்கும் நீர் இரும்பில் பட்டதும் கட்டியாகும். வேகத்தை மதிப்பிட ஓவர்லேண்ட் சூத்திரம் பயன்படுகிறது. காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுங்கள் (நாட்டை 0.514-ஆல் பெருக்கினால் போதும்). உறைநிலைக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் அதைப் பெருக்குங்கள். பிறகு கடல்நீருக்கும் உறைநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 0.3-ஆல் பெருக்கி, 1 கூட்டி, வந்ததால் வகுங்கள். விடை 22.4-க்குக் கீழே என்றால் இலேசு, மணிக்கு 0.7 சென்டிமீட்டருக்குள். 53.3 வரை நடுத்தரம், மணிக்கு 2 சென்டிமீட்டர் வரை. 83 வரை கடுமை, 4 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் அதிகடுமை. வானிலை சேவை கடும் உறைசாரல் எச்சரிக்கை கொடுப்பது மணிக்கு 2 சென்டிமீட்டரிலிருந்து.

மேலே தந்த மாதிரியையே போட்டுப் பார்ப்போம். காற்று 40 நாட், அதாவது 20.6. காற்றின் வெப்பநிலை −12, கடல்நீர் 4 பாகை. 20.6-ஐ 10.3-ஆல் பெருக்கினால் 212. கீழே 1 + 0.3 × 5.7 = 2.71. விடை 78, கடுமை. கணவாயின் வாயில் காற்று 50 நாட் நிலையாக நின்றால் அதே குளிரில் விடை 98, அதிகடுமை. காற்றை 40-லேயே விட்டு, கடல்நீரை மட்டும் 2 பாகைக்கு இறக்கினால் 100. பெரிங் கடலில் பனி இத்தனை வேகமாக ஏறுவதற்குக் காரணம் அந்தக் கடைசிக் கணக்கில் இருக்கிறது. சூத்திரம் 20 முதல் 75 மீட்டர் நீளமுள்ள கப்பல்கள், அலையை எதிர்த்தோ பக்கவாட்டில் வாங்கியோ ஓடும் நிலைக்கு உரியது. அலைக்கு முதுகு காட்டி மெதுவாக ஓடினால் பனி குறையும்.

எடை எவ்வளவு? 100 சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் பனி ஏறத்தாழ 0.9 டன். மணிக்கு 3 சென்டிமீட்டர் என்றால் நான்கு மணி நேரத்தில் 10 டன்னுக்கு மேல், அதுவும் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கும் உயரத்தில். நண்டுக்கூண்டுகளை அடுக்கியிருந்தால் வலையின் உள்ளேயும் பனி கட்டும். காற்று அடிக்கும் பக்கம் அதிகம் ஏறுவதால் எடை ஒருபக்கமாகவும் சாயும். படகின் நிலைப்பு ஆவணத்தில் கணக்கிட்ட பனி இருபுறமும் சமம் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

பனி ஏறத் தொடங்கினால்:

முதலில் வேகத்தைக் குறையுங்கள், திசையை மாற்றி அணியத்தில் சாரல் அடிப்பதைத் தவிருங்கள். கட்டி மெலிதாக இருக்கும்போதே மரச்சுத்தியலாலும் மட்டையாலும் தட்டத் தொடங்குங்கள். கைப்பிடிக் கம்பி விரல் தடிமனிலிருந்து மணிக்கட்டுத் தடிமன் ஆகும்வரை காத்திருந்தால் ஆட்கள் போதமாட்டார்கள்.

உயரத்திலிருந்து கீழ்நோக்கி அகற்றுங்கள். ஆன்டெனா, ராடார், விளக்குகள், உயிர்காப்புத் தெப்பம், மேல்தள நீர் வடியும் துளைகள் ஆகியவை முன்னுரிமை. துளை அடைத்துக்கொண்டால் மேல்தளத்தில் நிற்கும் நீரும் எடையாகும்.

படகு சாய்ந்துவிட்டால் சாய்ந்த பக்கத்துப் பனியை முதலில் அகற்றுங்கள். எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு இறைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மாற்றும் நேரத்தில் இரண்டு தொட்டியும் பாதி காலியாகி, உள்ளே திரவம் புரண்டு, இருக்கும் நிலைப்பையும் குறைக்கும்.

படகின் அசைவைக் கவனியுங்கள். ஒருபக்கம் உருண்டபின் நிமிர அதிக நேரம் எடுத்தால், கடல் அமைதியானதாக நினைக்கக்கூடாது. நிமிர்த்தும் விசை குறைந்துவிட்டது.

காற்று மறைவுக்கு ஒதுங்குவதில் ஒரு கண்ணி உண்டு. வரைபடத்தில் மறைவாகத் தெரியும் குடாவின் தலைப்பகுதியில் பள்ளத்தாக்கு இருந்தால், அங்கே மலையிலிருந்து குளிர்க்காற்று கொட்டும். வெளிக்கடலைவிட அது வலுவாகவும், குளிராகவும் இருக்கலாம். உயர்ந்த, இடைவெளியில்லாத மலைச்சுவர் பின்னால் இருக்கும் இடமே மறைவு.

புறப்படும் முன்

காற்று, அலை, காற்றின் வெப்பநிலை மூன்றுக்கும் உங்கள் படகின் எல்லையை எண்ணில் எழுதி வையுங்கள். 30 அடிப் படகுக்கு 20 நாட், 6 அடி என்பது பலர் வைக்கும் எல்லை. உறைசாரல் என்ற சொல் வந்தாலே கிளம்பாமலிருப்பது எங்கள் கருத்து. உங்கள் மண்டலத்தை மட்டும் பார்க்காமல், காற்று வரும் பக்கத்து மண்டலத்தையும் படியுங்கள். போகும் நாளைவிடத் திரும்பும் நாளின் வரியை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் கூட்டிக்கழித்து ஏமாறுவது அங்கேதான்.

பாதி வழியில் ஓர் இடத்தைக் குறித்து, அங்கே வந்ததும் மாலை 4 மணி அறிக்கையையும் மிதவையையும் பாருங்கள். ஷெலிகோஃபுக்குள் இறங்குபவர் என்றால், 46077-இல் காற்று உங்கள் எல்லையைத் தொட்டிருந்தாலோ, மூன்று மணி நேரத்தில் 10 நாட் ஏறியிருந்தாலோ, அந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள். முடிவைக் கரையிலேயே எழுதிவைத்துப் படகிலிருக்கும் எல்லோருக்கும் சொல்லியிருந்தால், அங்கே நின்று வாதாட வேண்டியிருக்காது.